சுண்ணக்கல்லுக்குள் வழி தவறினால்

கேள்வி: யாழ்ப்பாண மண்ணுக்கடியில் குகைப் பாதைகள் உண்டாமே; கூட்டாளிகளோடு போய்த் தொலைந்தால் தப்பலாமா?
– வாசகர், அரியாலை

பதில்: யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் அந்தக் கல்லை அரித்து, வெடிப்புகளைக் குகைகளாக்குகிறது. நிலாவரைக் கிணறு அப்படி உண்டானதே: மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். அதில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்பது கதை. கேட்க நல்ல கதைதான். நீர் நிறைந்த இத்தகைய குகைகளில் நடந்து தொலைய முடியாது.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையும் சுண்ணக்கல்தான். ஆனால் மழை இல்லாத காலத்தில் நடந்து போகலாம். 2018 ஜூன் 23 அன்று 12 சிறுவர்களும் அவர்களின் உதைபந்தாட்டப் பயிற்சியாளரும் உள்ளே போனபின் வெள்ளம் வழியை அடைத்தது. வாசலில் நின்ற சைக்கிள்கள் அவர்களைக் காட்டிக்கொடுத்தன. ஏறக்குறைய 4 கிலோமீற்றர் உள்ளே, ஒரு மேட்டில், பாறையில் சொட்டிய நீரைக் குடித்தபடி பிரியாமல் இருந்தார்கள். ஜூலை 2 அன்று சுழியோடிகள் கண்டுபிடித்தனர். மயக்க மருந்து கொடுத்து, 10ஆம் திகதிக்குள் 13 பேரையும் வெளியே கொண்டுவந்தனர். இடையில், உள்ளே காற்று உருளைகளை வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் இறந்தார்.