ஒரு பயிற்சி விமானத்தின் மறுபிறப்பு

போர் விமானங்களுக்குக் கிடைக்கும் புகழ் பயிற்சி விமானங்களுக்குக் கிடைப்பதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், பெயர்பெற்ற குண்டுவீச்சு விமானங்கள் சிலவற்றைப் பாதுகாத்து வைத்த அமெரிக்க அரசு, விமானிகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த விமானங்களை விற்றுத் தள்ளியது. அப்படிக் கைமாறிய ஒன்று இன்று வாஷிங்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அது அங்கு வந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

போயிங்–ஸ்டியர்மன் பிடி-13டி என்பது அதன் வகைப் பெயர். 1944ஆம் ஆண்டு கட்டப்பட்டது. மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள், முன்னும் பின்னுமாகத் திறந்த இரண்டு இருக்கைகள், லைகாமிங் எஞ்சின். உடற்பகுதி, உருக்குக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூடு. இறக்கைக்குள் இருப்பது ஸ்புரூஸ் மரச் சட்டம். இவற்றின்மேல் துணி போர்த்தியிருக்கும். விமானம் என்றதும் அலுமினியத்தை நினைக்கும் நமக்கு இது வியப்பாக இருக்கலாம்.

இதில் பயின்றவர்கள் யார் என்பதே இங்கு முக்கியம். கறுப்பினத்தவர் போர்த்தொழிலுக்கு அறிவிலும் துணிவிலும் குறைந்தவர் என்று அமெரிக்க ராணுவக் கல்லூரி 1925இல் அறிக்கை எழுதி வைத்திருந்தது. 1941இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் அவர்களுக்கெனத் தனியாக விமானப் பயிற்சி தொடங்கியது. 1946 வரை ஏறத்தாழ ஆயிரம் பேர் விமானிகளாகத் தேறினார்கள். ராணுவத்தில் நிறப் பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையை அதிபர் ட்ரூமன் 1948இல்தான் பிறப்பித்தார். உன்னால் முடியாது என்று பிறர் எழுதிய தீர்ப்பைப் படித்துத் தேறிப் பொய்யாக்குவது, நம் வகுப்புகளில் பலருக்கு அயலூர்ச் செய்தியாகப் படாது.

போருக்குப் பின் இவ்விமானம் வயல்களுக்குப் பூச்சிமருந்து தூவியது. பல ஆண்டுகள் கழித்து விமானப்படை அதிகாரி ஒருவர் இதை வாங்கி, மூன்று ஆண்டுகள் உழைத்துச் சீர்செய்தார். வாங்கும்போது இது டஸ்கீகி விமானம் என்று அவருக்குத் தெரியாது. வரிசை எண்ணை வைத்துப் பழைய பதிவுகளைத் தேடியபோதே உண்மை வெளிப்பட்டது. இவ்வகை விமானங்கள் எட்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன. எண் அழிந்திருந்தால் இதுவும் அவற்றுள் ஒன்றாகவே போயிருக்கும்.

இத்தகைய விமானங்களைச் சீர்செய்வதில் வேதியியலுக்கு நிறைய வேலை உண்டு. முதலில் பழைய துணியை உரித்துக் கூட்டைச் சோதிப்பார்கள். துரு குழாயின் உள்ளிருந்தும் அரிக்கும். வெளியே வண்ணம் பளபளவென்றிருக்க, உள்ளே சுவர் தேய்ந்திருக்கும். வால் தாழ்ந்து நிற்கும் விமானமாதலால் ஈரம் பின்பக்கக் குழாய்களில் தேங்கும். இற்ற பகுதியை வெட்டிவிட்டுப் புதுக்குழாய் பற்றவைக்க வேண்டும்.

அடுத்தது துணி. புதுத் துணியைப் போர்த்தி, 'டோப்' என்னும் பூச்சைப் பல தடவை பூசுவது பழைய முறை. செல்லுலோஸ் நைட்ரேட்டையோ செல்லுலோஸ் அசெட்டேட் பியூட்டிரேட்டையோ கரைப்பானில் கரைத்த திரவம் அது. கரைப்பான் ஆவியாகும்போது படலம் சுருங்கி, துணியை மத்தளத் தோல்போல் இறுக்குகிறது. நைட்ரேட் வகை வெடிபஞ்சுக்கு நெருங்கிய உறவு. ஒரு பொறி போதும்!

அக்காலக் கருவிகள் பலவற்றின் முகப்பில் இருளில் ஒளிரும் ரேடியப் பூச்சும் உண்டு. அதிலுள்ள துத்தநாக சல்பைடு சிதைந்து ஒளி மங்கிவிடும். ஆனால் ரேடியம்-226இன் அரை ஆயுள் 1600 ஆண்டுகள். ஒளி போய்விட்டதே என்று அதைச் சுரண்டக் கூடாது. தூசி நுரையீரலுக்குள் போய்விடும்.

இப்படி மாற்றிக்கொண்டே போனால் பழைய விமானம் எங்கே இருக்கிறது? பறக்க வேண்டுமானால் இற்றதை மாற்றியே தீர வேண்டும். அது உயிர் சம்பந்தப்பட்டது. காட்சிக்கு மட்டும் என்றால், அரிப்பை நிறுத்திவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவைப்பதே நல்லது என்பது என் எண்ணம். இவ்விமானம் பறப்பதற்காகச் சீராக்கப்பட்டுப் பின்னர் காட்சிக்கு வந்தது. நீல உடலும் மஞ்சள் இறக்கையும் பயிற்சிக் காலத்தையே காட்டுகின்றன. மருந்து தூவிய காலத்தைக் காட்டவில்லை. அதுவும் அதன் வாழ்க்கைதானே என்ற குறை எனக்கு உண்டு.

எனினும், பறக்க முடிந்ததால்தான் அது விழாக்களுக்குச் சென்றது. டஸ்கீகியில் பயின்ற முதியவர்கள் அதைக் கண்டு, சாமான் அறைக் கதவின் உட்புறத்தில் கையெழுத்திட்டார்கள். 2011இல் நாட்டின் குறுக்கே பறந்து வாஷிங்டன் சேர்ந்தது. 2016 செப்டம்பர் 24 அன்று திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில், 'டஸ்கீகியின் உணர்வு' என்ற பெயரோடு பார்வையாளர்களின் தலைக்கு மேலே அது தொங்குகிறது.