பாலர் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் குற்றமா?

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் எந்தப் புளோக்கின் கீழ்த்தளத்திலும் நாலு அம்மாக்கள் சேர்ந்தால் பேச்சு பாலர் பள்ளிக்குத்தான் போகும். பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், மற்ற மூவரும் பயமுறுத்தத் தொடங்கிவிடுவார்கள்.

நம்பிக்கை: கல்வி அமைச்சின் அனுமதி இல்லாமல் பிள்ளையை வீட்டில் வைத்தால் அபராதம் விழும்.

உண்மை: 2003ல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கானது. பாலர் பள்ளி கட்டாயமில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம்.

நம்பிக்கை: பிள்ளையின் ஆர்வப்படி கற்பது என்றால் அதன் இஷ்டத்துக்கு விட்டுவிடுவது.

உண்மை: இருப்பதிலேயே பெரிய தப்பெண்ணம் இதுதான். 1907ல் ரோமில் குழந்தைகள் இல்லம் திறந்த மரியா மாண்டிசோரி, பெரியவரைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. எதைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, எப்போது ஒதுங்கி நின்று கவனிப்பது என்பதே அவர் பாடம். 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார். தமிழருக்கு இது நேற்று இறங்கிய சரக்கு அல்ல.

எடுத்துக்காட்டாக, லிட்டில் குய்லின் என்று நாம் சொல்லும் புக்கிட் பாத்தோக் நகரப் பூங்காவுக்குப் பிள்ளையோடு போங்கள். “இந்தப் பாறை ஏன் தண்ணிக்குள்ள நிக்குது?” என்று கேட்டால், பழைய கருங்கல் குவாரி, வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது என்று ஒரே மூச்சில் ஒப்பிக்காதீர்கள். வீட்டு வாசல் பூந்தொட்டி மண்ணில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றட்டும், மண் உறிஞ்சிவிடும். பிறகு எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றட்டும், நிற்கும். ஏன் என்ற கேள்வி பிள்ளையின் வாயிலிருந்தே வரும். தாழ்வாரம் சேறாகும், அரை நாள் போகும். பயிற்சித்தாளைக் கொடுத்து உட்கார வைப்பது பெற்றோருக்கு இதைவிடச் சுலபம்!

நம்பிக்கை: வீட்டில் வைத்தால் தமிழ் வராது.

உண்மை: வீட்டில் ஆங்கிலமே புழங்கினால் எங்கே அனுப்பினாலும் தமிழ் தடுமாறும். அந்தக் குழி, கிண்ணம், சேறு எல்லாவற்றையும் தமிழில் பேசுங்கள்.

கூட்டாளிகள் மட்டும் வீட்டுக்குள் கிடைக்கமாட்டார்கள். அதற்குத் தினமும் மாலையில் விளையாட்டுத் திடலுக்கு இறங்கியே ஆக வேண்டும்.

தொடக்கநிலை ஒன்றுக்குரிய வயது வந்த பிறகும் வீட்டுக்கல்வியைத் தொடர நினைப்பவர்கள், பள்ளிப் பதிவு நடக்கும் காலத்திலேயே கல்வி அமைச்சிடம் விலக்குக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அந்தப் பிள்ளைகளும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதியாக வேண்டும். தாய்மொழித் தாள் உட்பட.