மாவாக உழுத கொல்லையில் மண் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: எங்கள் மல்லாட்டைக் கொல்லை, ஏரியைப் பார்த்துச் சரிந்திருக்கும் செம்மண் மேடு. ஆடிப் பட்டத்துக்குக் கொத்துக் கலப்பை இரண்டு ஓட்டு, அதன்மேல் ரொட்டவேட்டர் என்று மாவாக உழுது போட்டேன். ஒரே மழையில் மண் கரைந்து ஓடிவிட்டது. கட்டியும் முட்டியுமாகக் கிடந்த பக்கத்துக் கொல்லையில் அவ்வளவு சேதமில்லை. நன்றாக உழுத நிலத்தில்தானே தண்ணீர் இறங்க வேண்டும்?
– வாசகர், கெடார்

பதில்: பக்கத்துக் கொல்லையையும் கவனித்து எழுதினீர்களே ஐயா, பாதி விடை அங்கேயே கிடக்கிறது.

உழுத மண் தண்ணீரைக் குடிக்கும் என்பது மழையின் முதல் சில நிமிடங்களுக்குத்தான் சரி. பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகம் வரை விழும். கட்டி அந்த அடியைத் தாங்கும். ரொட்டவேட்டர் உடைத்த பொடி தாங்காது. சிதறிய நுண்மண் துளைகளில் புகுந்து அடைத்துக்கொள்ளும். வெயில் வந்ததும் பொருக்குத் தட்டி மல்லாட்டை முளையைத் தடுக்குமே, அந்த மேலோடுதான் இது. ஓடு கட்டிய பிறகு, அடியில் மண் காய்ந்திருந்தாலும் தண்ணீர் மேலேயே ஓடும்.

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு: டிராக்டர் எந்தத் திசையில் ஓடியது? மணிக்கணக்கில் வாடகை என்பதால், அடிக்கடி திருப்பாமல் நீளவாக்கிலேயே ஓட்டிவிடுகிறார்கள். அந்த நீளம் சரிவோடு போனால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால்தான். நீரின் வேகம் இரட்டித்தால் அரிக்கும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். சரிவுக்குக் குறுக்கே உழுதாலோ அதே சால் தண்ணீரை நிறுத்தி இறக்கும். அமெரிக்க விஞ்ஞானிகள் விஷ்மையரும் ஸ்மித்தும் வகுத்த மண் இழப்புச் சமன்பாட்டின்படி, 100 மீட்டருக்கு 3 முதல் 8 மீட்டர் வரை இறங்கும் நிலத்தில் சமமட்டத்தை ஒட்டிய குறுக்கு உழவு மட்டுமே இழப்பைப் பாதியாகக் குறைக்கும். கூடுதலாகத் திருப்பும் டீசல் செலவு இதற்கு முன் ஒன்றுமில்லை என்பேன்.

மழையே இல்லாமலும் மண் இறங்கும். கீழ்நோக்கி ஓட்டும்போது கலப்பை தள்ளும் மண், மேல்நோக்கி ஓட்டும்போது அதே அளவு திரும்பி ஏறுவதில்லை. இதற்கு உழவு அரிப்பு என்று பெயர். மேட்டில் வருடாவருடம் சரளை தெரிவதில் இதற்கும் பங்குண்டு.

இந்தியாவில் சராசரியாக ஆண்டுக்கு எக்டேருக்கு 16.4 டன் மண் போகிறது என்று 1983இல் துருவநாராயணாவும் ராம்பாபுவும் கணக்கிட்டார்கள். நிலம் முழுக்கப் பரப்பினால் அது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். கண்ணுக்கு எப்படித் தெரியும்? இப்படி மெல்லிய தாளாக உரிந்து போவதே படல அரிப்பு. நிலத்தில் ஓடை விழுந்த பிறகுதான் நாம் பதறுகிறோம்; சாரமுள்ள மேல்மண் அதற்கு முன்பே ஏரிக்குப் போயிருக்கும்.

மல்லாட்டை விழுது இறங்கப் பொலபொலப்பு வேண்டும், பொடி வேண்டாம். கொத்துக் கலப்பையோடு நிறுத்துங்கள். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போட்டால் பொருக்கு குறையும். கொத்தனாரிடம் டியூப் லெவல் கேட்டு வாங்கி, ஒரே மட்டமுள்ள இடங்களில் குச்சி நட்டு, கடைசி உழவையும் விதைப்பையும் அந்தக் கோட்டை ஒட்டியே செய்யுங்கள்.

ஆனால் பெருமழைக்குச் சால் மட்டும் போதாது. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரு நாளில், மயிலத்தில் 51 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் ஒரு சால் உடைந்தால் கீழேயுள்ள சால்களையும் உடைத்துக்கொண்டு போகும். அதனால் இடையிடையே சம உயர வரப்பு போட்டு, மிகுந்த நீர் வெளியேற ஒரு வழி விட்டு, அங்கே கல் அடுக்குங்கள். வரப்பில் வெட்டிவேர் நடலாம். நாற்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம், கடலூர்க் கரையோரத்தில் அதைப் பயிராகவே வளர்க்கிறார்கள்.