சரக்கிற்கு ஒரு குடை

(பதினோராம் வகுப்பு, அறிவியல் பிரிவு மாணவியர்)

சென்ற அக்டோபர் மாதத்தில் ஒரு காலை வேளை. சிவகாசியிலிருந்து நம் தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் சரக்கு ஏற்றி வந்த நீண்ட டிரெய்லர் ஒன்று, நம் பள்ளிக்குரிய அறுபது நோட்டுக் கட்டுகளையும் சேர்த்துக் கொண்டு வந்து வாயிலில் நின்றது. வழியெல்லாம் மழை. இறக்கிப் பார்த்தால், அறுபதில் பதினான்கு கட்டுகள் ஊறிப் போய், அட்டையின் நீல மை தாள்களில் இறங்கியிருந்தது. நோட்டு வாங்க இயலாத மாணவியருக்கென்று பழைய மாணவியர் பணம் சேர்த்து வாங்கித் தந்தவை அவை. கணக்கு வைத்திருந்த சிஸ்டர் ஒன்றும் பேசாமல் கட்டுகளைப் பிரித்து மொட்டை மாடியில் வெயிலுக்கு விரித்தார்கள்.

இறக்கும்போது உடனிருந்த எங்களுக்கு ஓர் ஐயம் எழுந்தது. வண்டியின் இரு ஓரங்களிலும் கடைசியிலும் இருந்தவை உலர்ந்தே இருந்தன. நனைந்தவை எல்லாம் வண்டியின் நடுவில், குறுக்கே கோடு கிழித்தாற்போல் ஒரே வரிசையில் இருந்தவை. மேலே போர்த்தியிருந்த தார்ப்பாய்களில் ஓர் ஓட்டையும் இல்லை. அப்படியானால் மழை எந்த வழியாக உள்ளே வந்தது?

இக்கேள்வியோடு எங்கள் இயற்பியல் ஆசிரியை எங்களைத் துறைமுகச் சாலையில் உள்ள லாரி நிறுத்தத்திற்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே முப்பது ஆண்டுகளாக டிரெய்லர் ஓட்டும் அண்ணாச்சி ஒருவரிடம் நாங்கள் கற்ற பாடமும், பின்னர் நூலகத்திலும் வகுப்பிலும் தெரிந்துகொண்டவையுமே இக்கட்டுரை.

முதலில், சரக்கைப் பெட்டி போன்ற மூடிய வண்டியில் வைத்தால் தொல்லை இல்லையே என்று தோன்றும். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். இரும்புத் தகட்டுச் சுருள், மரத்தடி, எந்திரம் ஆகியவற்றைக் கிரேன் மேலிருந்துதான் இறக்க வேண்டும். சிலவற்றைப் பக்கத்திலிருந்து தள்ள வேண்டும். ஆகவே மேலும் பக்கமும் திறந்த, பலகை போன்ற தட்டையான டிரெய்லர் தேவைப்படுகிறது. ஏற்றும்போது மூடி இருக்கக் கூடாது. ஓடும்போது மூடி இருந்தாக வேண்டும். இதற்காகவே கழற்றி மாட்டும் போர்வை வந்தது.

தார் பூசிய மூடுதுணி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே நம் வாயில் தார்ப்பாய் ஆயிற்று என்பர். பருத்திக் கித்தானுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நனைந்தால் அதன் நூல்கள் பருத்து, இடைவெளிகளைத் தாமே அடைத்துக்கொள்ளும். ஆனால் நனைந்த கித்தான் கனக்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும். 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில், வேறொன்றைத் தேடிய ஆராய்ச்சியில் எதிர்பாராமல் கிடைத்த பாலிதீன், இன்று நாடாவாக நெய்யப்பட்டு மலிவான நீலப் பாயாக எங்கும் கிடைக்கிறது. அது இலேசானது, ஆனால் வெயிலில் விரைவில் நொறுங்கிவிடும். பாலியெஸ்டர் துணியின் இருபுறமும் பி.வி.சி. பூசிய பாய் வலுவானது, கனமானது.

எவ்வளவு கனம் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். நாற்பதடி நீளமும் எட்டடி அகலமும் உள்ள டிரெய்லரில் ஐந்தடி உயரத்திற்குச் சரக்கு இருந்தால், முன்னும் பின்னும் பக்கங்களிலும் தொங்கும் பகுதியையும் சேர்த்து ஐம்பதடிக்குப் பதினெட்டடி பாய் வேண்டும். அதாவது 900 சதுர அடி, ஏறத்தாழ 84 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ள பாயானால் மொத்தம் 50 கிலோ. ஒரு சிமெண்டு மூட்டையை முதுகில் சுமந்து ஒருவர் சரக்கின் மேல் ஏறுவதற்குச் சமம் இது. இதனால்தான் பெரும்பாலும் ஒரே பாயாக இல்லாமல் இரண்டாக வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த "இரண்டு" என்ற சொல் வந்ததும் அண்ணாச்சி சிரித்தார். "ஏம்மா, நடுவுலதானே நனைஞ்சிருக்கு? எந்தப் பாயை முதல்ல போட்டாங்கன்னு கேட்டீங்களா?" என்றார். நாங்கள் கேட்கவில்லை.

அவர் தரையில் இரண்டு துண்டுகளை விரித்துக் காட்டினார். பின்பக்கப் பாயை முதலில் விரிக்க வேண்டும்; முன்பக்கப் பாயை அதன்மேல் இரண்டு மூன்றடியாவது ஏறும்படி பிறகு விரிக்க வேண்டும். அப்போது வண்டி ஓடுகையில் எதிர்க்காற்று முன்பாயின் மேலே வழுக்கிக்கொண்டு பின்பாய்க்குச் சென்றுவிடும். வரிசை மாறினால், பின்பாயின் விளிம்பு மேலே நின்று, முன்னோக்கி வாய் திறந்திருக்கும். காற்றும் மழையும் அவ்வாய்க்குள் நேரே புகும். நம் ஊரில் ஓலைக்கூரை வேய்பவர் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போவதும் இதே காரணத்தால்தான். நமது நோட்டுகள் நனைந்தது ஓட்டையால் அன்று, வரிசை தவறியதால் என்று அறிந்தபோது, இவ்வளவு எளிய காரியமா என்று எங்களுக்கு வருத்தமே மிகுந்தது.

காற்றின் வலிமையை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் காற்று ஏறத்தாழ 4 கிலோ எடையளவு அழுத்துகிறது. 60 கிலோமீட்டரில் அது எட்டு ஆவதில்லை, 17 ஆகிறது. வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்று வகுப்பில் படித்த விதி இதுவே. டிரெய்லரின் மேற்பரப்பு 30 சதுர மீட்டர். பாயின் அடியில் காற்று புகுந்து முழுவதும் தூக்கினால், அரை டன் விசையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், தளர்ந்த பாய் ஓயாமல் படபடத்து, சரக்கின் மூலைகளில் உராய்ந்து தன்னைத்தானே கிழித்துக்கொள்ளும். கூரிய மூலைகளில் பழைய சாக்கோ, டயர்த் துண்டோ வைத்து அதன்மேல் பாயை விரிப்பது இதற்காகத்தான். முன்பக்க மூலைகளைப் புத்தகத்திற்கு அட்டை போடுவது போலவே மடிக்கிறார்கள். மடிப்பின் வாய் பின்னோக்கி இருக்க வேண்டும் என்பது மட்டும் கூடுதல் விதி.

கயிறு கட்டும் முறையைப் பார்த்தபோது எங்கள் ஆசிரியைக்குத்தான் மிகுந்த மகிழ்ச்சி. கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, நுனியை வண்டியின் பக்கத்திலுள்ள கொக்கியில் மாட்டி, மேலே கொண்டுபோய் அக்கண்ணியில் நுழைத்து, மறுபடியும் கீழே இழுக்கிறார்கள். இது கப்பி இல்லாத கப்பி! 20 கிலோ விசையில் இழுத்தால் கயிறு 60 கிலோ விசையில் இறுக வேண்டும். கயிறு கயிற்றில் உராய்வதால் அதில் கணிசமான பங்கு வீணாகிவிடும். ஆயினும் வெறுங்கையால் இழுப்பதைவிட மேல். கப்பிப் பாடத்தில் எங்களுள் பலர் மதிப்பெண் இழந்தவர்கள். கிளீனர் தம்பி அதை அரை நிமிடத்தில் கட்டி முடித்தான். இங்கே ஒன்றை மறக்கலாகாது. பாயைக் கட்டும் கயிறு பாயைத்தான் பிடிக்கும், சரக்கைப் பிடிக்காது. சரக்கைச் சங்கிலியாலோ பட்டையாலோ தனியே இறுக்கிய பின்பே போர்வை.

மேலே பள்ளம் இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். ஒரு சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் தேங்கினாலே 30 சதுர மீட்டருக்கு 300 லிட்டர், அதாவது 300 கிலோ. ஆதலால் நடுவில் மூட்டைகளை உயர்த்தியோ மரச்சட்டம் வைத்தோ வீட்டு முகடு போல் ஆக்குகிறார்கள்.

நன்றாக மூடினால் போதும் என்று எண்ணிவிடவும் முடியாது. இரவில் குளிர்ந்த இரும்பு, காலையில் கடற்கரையின் ஈரக் காற்றைச் சந்திக்கும்போது அதன்மேல் நீர்த்துளிகள் அரும்பும். குளிர்ந்த தண்ணீர்ச் செம்பு வெளியே வேர்ப்பது போல. மழை ஒரு துளி விழாமலே சரக்கு துருப்பிடிக்கும். பாய் இறுக மூடி, அடியில் காற்றோட்டமும் இல்லையென்றால் அந்த ஈரம் போக வழியில்லை. உப்பு இன்னும் வேடிக்கை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டிற்கு மேல் ஏறினால் அது தானே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். நம் உப்பளங்களில் அம்பாரங்களின் மேல் ஓலை வேய்ந்ததை நம் பாட்டிமார் கண்டிருக்கிறார்கள். சிமெண்டோ ஈரம் பட்டால் மூட்டைக்குள்ளேயே கல்லாகிவிடும். ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு பகை.

இனி நாங்கள் எழுதத் தயங்கி, பிறகு எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்த ஒன்று. டிரெய்லரின் தட்டு தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி, சரக்கு ஐந்தடி. பத்தடி உயரத்தில், பிடிமானம் ஏதுமின்றி, நனைந்து வழுக்கும் பாயின் மேல் நின்றுதான் போர்த்த வேண்டும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை அப்படி மழையில் போர்த்தும்போது காற்று பாயைத் தூக்க, விடாமல் பிடித்தவர் பாயோடு கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதங்கள் வேலைக்குச் செல்லவில்லை. "பாயை விட்டிருந்தா சரக்கு நனைஞ்சிருக்கும், அவ்வளவுதான்" என்று அவள் தாய் இன்றும் சொல்வாராம்.

மேலே ஏறாமலே மூடும் வழிகள் உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கானஸ்டோகா என்ற பெரிய குதிரை வண்டிகள் ஓடின. வளைத்த மரச்சட்டங்களின் மேல் வெள்ளைக் கித்தான் போர்த்தியவை. நம் கூண்டு வண்டிக்கு மூத்த அண்ணன் போலிருக்கும். அவ்வண்டியின் பெயரையே தாங்கி, இன்று அங்கே டிரெய்லர்களில் ஒருவகை மூடி இருக்கிறது. வளைவுச் சட்டங்கள் பக்கத் தண்டவாளத்தில் உருளும்; தரையில் நின்றபடி ஒருவரே இழுத்து, அக்கார்டியன் வாத்தியம் போல மடக்கிவிடலாம். கிரேன் சரக்கை இறக்கியதும் மறுபடி இழுத்து மூடலாம். இங்கிலாந்தில் பக்கங்களில் திரைச்சீலை போல நகரும் உறையுள்ள வண்டிகளும் பரவலாக ஓடுகின்றன. இவற்றிற்கு விலை அதிகம். சட்டங்களின் எடைக்கேற்பச் சரக்கைக் குறைக்க வேண்டும். உயரமான எந்திரம் சட்டத்திற்குள் அடங்காது. எனினும் நாள்தோறும் ஒரே வகைச் சரக்கை ஏற்றுவோர் வாங்கத் தக்கதே என்பது எங்கள் கருத்து. அதுவரை, ஒரு நல்ல ஏணியும், பாயைக் கிரேனிலேயே மேலே தூக்கி வைப்பதும், பலத்த காற்றில் போர்த்துவதைச் சற்றே தள்ளிப்போடுவதும் பெரிய செலவில்லாதவை.

விடைபெறும் முன் அண்ணாச்சி தம் பாயைச் சோதிக்கும் முறையைக் காட்டினார். நண்பகலில் பாயை இருவர் உயர்த்திப் பிடிக்க, அவர் அதனடியில் புகுந்து அண்ணாந்து பார்க்கிறார். ஊசிமுனைத் துளைகூட வெயிலில் விண்மீன் போல் மின்னும். சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டு ஒட்டுப் போடுகிறார். நாங்களும் அடியில் நின்று பார்த்தோம். அண்ணாச்சி கண்டது மூன்று. நாங்கள் கண்டது ஏழு. "இனி பிள்ளைகளை வச்சே பார்த்துக்கிடுதேன்" என்று அவர் சுண்ணாம்புக் கட்டியை எங்களிடம் கொடுத்துவிட்டார்.