மதகுச் சுவரும் அதன் பின்புற வடிகாலும்

கீழணையிலிருந்து வடவாறு, வீராணம் ஏரி, வடக்கு ராஜன் வாய்க்கால் ஆகியவற்றின் மூலம் பாய்ச்சல் பெறும் சிதம்பரம் பகுதி நிலங்களில், சம்பாப் பயிரின் க்ஷேமம் பாய்ச்சலைப் போலவே வடிகாலையும் சார்ந்திருக்கிறது. கார்த்திகை மழையில் ஒரு வடிகால் மதகின் பக்கச் சுவர் சரிந்து கண்ணை அடைத்துவிடின், அதற்கு மேலுள்ள வயல்கள் நீரில் மூழ்கும். 2015ஆம் வருஷம் நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையில் கடலூர் மாவட்டம் அடைந்த நஷ்டம் பலருக்கும் நினைவிருக்கும்.

கான்கிரீட்டுச் சுவர் கெடுவதற்கு முக்கிய காரணங்கள் இரண்டு. உப்பங்கழிகளையடுத்த கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பகுதிகளில் உப்பு உட்புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பைவிடப் பருமனாதலால் மேற்பூச்சை வெடிக்கச் செய்து உதிர்க்கும். இது கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் கவனிக்கின்றனர். மற்றொன்று, சுவரின் பின்னே தேங்கும் நீர். இரண்டு மீட்டர் உயரச் சுவரின் பின் மேல்மட்டம் வரை நீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின்மீதும் சுமார் 2 டன் பாரம் தள்ளும். மண்ணின் பாரம் வேறு. இதை விடுத்து, வெடிப்பில் சாந்தை அப்பி வெள்ளையடித்து வேலை முடிந்ததென எழுதிவிடுவது பணத்தை வாய்க்காலில் விடுவதேயாம். அப்பூச்சு கசிவுத் துளைகளையும் சேர்த்து மூடிவிடுவதுமுண்டு!

ஆகவே முதலில் பின்புறத்தைக் கவனிக்க வேண்டும். சுவரையொட்டிய களிமண்ணைச் சிறு சிறு நீளமாக வெட்டி எடுக்கவும். ஆழமான குழியில் பலகை முட்டுக் கொடாமல் ஆட்களை இறக்கலாகாது. சுமார் 10 செ.மீ. குறுக்களவுள்ள குழாய்களை மீட்டருக்கு ஒன்றாக, வாய்க்கால் பக்கம் சற்றுச் சரிவாக அமைக்கவும். அவற்றின் பின்னே 60 செ.மீ. அகலத்திற்குக் கல்லும் ஜல்லியும், மண்ணையடுத்துப் பருமணலும் நிரப்புக. சிதம்பரத்துக் களிமண் நீரைப் பிடித்து வைத்து உப்பித் தள்ளும். கடலூரையடுத்த கெடிலக்கரை மணற்பாங்கான மண்ணோ துளைவழியே கரைந்தோடிப் பாதையை உள்ளிறங்கச் செய்யும். இரண்டிற்கும் இந்த வடிகட்டியே பரிகாரம். மேற்பரப்பில் மட்டும் மண்ணை இறுக்கி, மழைநீர் உட்புகாவண்ணம் சரிவு கொடுக்கவும்.

பின்னரே முகப்பு வேலை. தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும் கான்கிரீட்டை முழுவதும் கொத்தியெடுத்து, கம்பியின் பின்புறமும் தெரியச்செய்து, துருவை இரும்புத் துரிகையால் தேய்த்து நீக்கவும். பெரிதும் தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டவேண்டும். நன்னீரில் குழைத்த கலவையை அழுத்திப் பூசி, ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரமேனும் நனைத்து வரவும். உப்புநீர் ஒருபோதும் உதவாது.

சுவர் முன்னே சாய்ந்திருந்தாலும், அஸ்திவாரம் அரிக்கப்பட்டிருந்தாலும் இம்முறை போதாது. பொறியாளரைத் தருவித்துக் காட்டவேண்டும். பொது மதகுகளில் உரிய துறையின் அனுமதியின்றிக் கைவைக்கலாகாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் மூடப்பட்டு ஜூன் 12இல் திறக்கப்படுவதால், கிராம அதிகாரிகள் தை மாதத்திலேயே மதகுகளைப் பார்வையிட்டு, சேதமானவற்றின் ஜாபிதாவை மேலதிகாரிகளுக்கு அனுப்பினால், வாய்க்கால் வறண்டிருக்கும் மாசி முதல் வைகாசிக்குள் வேலையை முடிக்கலாம்.