வீட்டை விற்கிறார்கள், லீஸ் பணம் என்ன ஆகும்?

கேள்வி: ஓசூர் மூக்கண்டப்பள்ளியில், எட்டு வீடுகள் உள்ள கட்டடத்தில் குடியிருக்கிறோம். எனக்கு சிப்காட்டில் வேலை. மனைவியின் நகையை அடகு வைத்து, 6 லட்சம் கொடுத்து மூன்று வருட லீசுக்கு வந்தோம். பத்திரம் அவர் பெயரில்தான். இன்னும் 14 மாதம் பாக்கி. இப்போது ஓனர் எட்டு வீடுகளையும் தனித்தனி ஃபிளாட்டாக விற்கிறார். "ரெண்டு மாசத்துல காலி பண்ணுங்க, உங்க பணத்தை வாங்குறவர் கொடுத்துடுவார்" என்கிறார். ஒரு வாரமாகத் தண்ணீர் மோட்டாரும் சரியாகப் போடுவதில்லை. குடியிருக்கும் எங்களுக்குத்தானே வாங்குவதில் முன்னுரிமை?
- வாசகர், ஓசூர்

பதில்: முன்னுரிமை இல்லை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் குடியிருப்பவர்களுக்கு அப்படியொரு வாய்ப்புத் தரும் சட்டம் 1980-லேயே வந்தது. தமிழ்நாட்டில் கிடையாது.

அதற்காக, வீடு கைமாறியதும் நீங்கள் மூட்டை கட்ட வேண்டும் என்றும் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, வாங்குபவர் பழைய ஓனரின் இடத்துக்கு வருகிறார். உள்ளே இருப்பவரின் ஒப்பந்தம் அவரையும் கட்டுப்படுத்தும். ஒப்பந்தக் காலத்துக்குள் என்னென்ன காரணத்துக்காகக் காலி செய்யச் சொல்லலாம் என்பதை, 22.2.2019 முதல் அமலில் உள்ள தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 21-ஆம் பிரிவில் பட்டியல் போடுகிறது. "ஃபிளாட்டாக விற்கப் போகிறேன்" என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இனி உங்கள் பத்திரத்துக்கு வருவோம். அது பதிவானதா என்று நீங்கள் எழுதவில்லை. ஓசூரில் என்னிடம் வரும் லீஸ் பத்திரங்களில் பாதிக்கு மேல் 20 ரூபாய் முத்திரைத்தாள், நோட்டரி சீல், அவ்வளவுதான். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் எழுதியதை நகலெடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். ஒன்றில் கர்நாடகச் சட்டத்தின் பெயர்கூட அப்படியே இருந்தது! ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையோ, சுவாதீனத்துடன் கூடிய அடமானமோ, எதுவானாலும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்திருந்தால் வில்லங்கச் சான்றில் உங்கள் 6 லட்சம் தெரியும். வாங்குபவர் தெரியாது என்று சொல்ல முடியாது, அவருக்குக் கடன் தரும் வங்கியும் கேள்வி கேட்கும். பதிவு இல்லையென்றால் மூன்று வருட உரிமையை நிலைநாட்டுவது கடினம். பணம் கொடுத்ததை மட்டும் நிரூபிக்கலாம். வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் அந்தக் கணக்குப் பட்டியலை இன்றே வாங்கி வையுங்கள்.

அதே கட்டடத்தில் மாத வாடகைக்கு இருப்பவர்களிடமும் சொல்லுங்கள்: 11 மாத ஒப்பந்தம் என்றாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தம் போடாததையே காரணம் காட்டி ஓனர் வெளியேற்றம் கேட்க முடியும். சோம்பல் இரண்டு பேருடையது, நஷ்டம் ஒருவருக்கு.

மோட்டாரை நிறுத்துவது அதே வாடகைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுக்கு விரோதம். வாடகை அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். சார் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்து மனு கொடுங்கள். இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. எந்த நாள், எத்தனை மணி நேரம் தண்ணீர் வரவில்லை என்று குறித்து வையுங்கள். உங்கள் பத்திரம் பதிவாகவில்லை என்று எதிர்த்தரப்பு கிளப்பும், அதற்கும் தயாராகப் போங்கள்.

"வாங்குறவர் கொடுத்துடுவார்" என்ற வார்த்தையை நம்ப வேண்டாம். பணம் வாங்கியவர் ஓனர், திருப்பித் தர வேண்டியவரும் அவரே. வாங்குபவர்தான் தருவார் என்றால், மூன்று தரப்பும் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். கிரயம் முடிவதற்கு முன்பே வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, வாங்க வருபவருக்கும் ஒரு நகல் போகட்டும். ஒரு கையில் 6 லட்சத்துக்கு டிடி வந்த பிறகே மறு கையால் சாவி.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பத்திரம் உங்கள் மனைவி பெயரில் இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். ஓசூர் நீதிமன்ற வளாகத்தில் விசாரித்து, அவரே நேரில் போய் மனு கொடுக்கட்டும்.