இடுபொருள் கடைக்காரரும் நீங்களும்

ஆடி பிறந்து நிலக்கடலைப் பட்டம் தொடங்கியதும், பிறகு புரட்டாசியில் மானாவாரி மக்காச்சோளத்திற்கும் பருத்திக்கும் மழை விழுந்ததும், ஜெயங்கொண்டம் கடைவீதியில் உரக்கடைகளுக்கு முன் நிற்க இடம் கிடைப்பது அரிது. ஆண்டிமடம், மீன்சுருட்டி, உடையார்பாளையம், தா.பழூர் ஆகிய ஊர்ப் பக்கங்களிலிருந்து விவசாயிகள் வந்து கூடுவார்கள். அங்கே காதில் விழும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்.

"அண்ணே, சோளத்துல புழு விழுந்திருக்கு. நல்ல மருந்தா ஒண்ணு குடுங்க."

"எத்தனை ஏக்கருங்க?"

"ரெண்டு."

"இதையும் இதையும் கலந்து அடிங்க. கணக்குல எழுதிக்கிறேன், போயிட்டு வாங்க."

என்ன புழு, பயிருக்கு என்ன வயது, மருந்தின் பெயர் என்ன, விலை என்ன, பணம் எப்போது தர வேண்டும், பட்டியல் எங்கே என்ற ஆறு கேள்விகளில் ஒன்றுகூட இங்கே கேட்கப்படவில்லை. விவசாயியும் நல்லவர், கடைக்காரரும் நல்லவர். இருபது வருடப் பழக்கம் வேறு. ஆனால் மருந்து கேட்காமல் போனாலும், விதை முளைக்காமல் போனாலும், கணக்கில் சந்தேகம் வந்தாலும் அந்தப் பழக்கம் ஒரே நாளில் முறிந்து போகும். பழக்கத்தைக் காப்பாற்றுவது எழுத்துதான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் கடைக்காரரின் நிலையைச் சற்றுப் பார்ப்போம். அவரும் மொத்த வியாபாரியிடமோ கம்பெனியிடமோ கடனுக்குச் சரக்கு எடுத்தவர்தான். யூரியாவில் அவருக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். பூச்சி மருந்திலும், 'வளர்ச்சி ஊக்கி' என்று அழகான டப்பாவில் வருபவற்றிலும் லாபம் கூடுதல். இத்தனை பெட்டி விற்றால் இன்ன பரிசு என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஆகவே அவர் எதை முதலில் எடுத்து நீட்டுகிறார் என்பதற்குப் பயிர் மட்டுமே காரணமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். இதற்காக அவரை வஞ்சகர் என்று சொல்வதும் சரியல்ல. அவர் விற்க வந்தவர், நீங்கள் வாங்க வந்தவர். நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடச் சொல்லி எந்தக் கடைக்காரராவது உங்களை வற்புறுத்தியது உண்டா? திரட்சியான காய்க்கு அதைப் போல் செலவு குறைந்த வழி வேறில்லை. ஆனால் அதில் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அடியுரமாகப் பாதியும், 45ஆம் நாள் மண் அணைக்கும்போது மீதிப் பாதியும் இட வேண்டும் என்பதை நீங்களேதான் நினைவில் வைத்துக் கேட்டு வாங்க வேண்டும்.

ஐதராபாத்தில் உள்ள மேனேஜ் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் இடுபொருள் விற்பனையாளர்களுக்கென்று 'டேசி' என்ற ஓராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. அதைப் படித்த கடைக்காரர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். உங்கள் கடைக்காரர் படித்தவரா என்று விசாரித்துக் கொள்ளுங்கள். படித்தவராக இருந்தால் அவரிடம் பேசுவது எளிது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கடைக்காரர் கிடைத்தால், இரண்டு ரூபாய் கூடுதலானாலும் அவரை விட்டுவிடாதீர்கள்.

பட்டியல் கேட்பது அவமரியாதை அல்ல

"இத்தனை நாள் பழகிவிட்டு ரசீது கேட்டால் தப்பாக நினைப்பாரே" என்று பல விவசாயிகள் தயங்குகிறார்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985, விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983, பூச்சிக்கொல்லி விதிகள் 1971 ஆகிய மூன்றின்படியும் ரொக்கத்திற்கு விற்றாலும் கடனுக்கு விற்றாலும் கடைக்காரர் பட்டியல் தந்தே ஆக வேண்டும். அது அவர் உங்களுக்குச் செய்யும் சலுகை அல்ல, அவருடைய உரிமத்தின் நிபந்தனை. மானிய உரத்திற்கு 2018 முதல் நாடு முழுவதும் விற்பனை முனைக் கருவி வந்துவிட்டது. ஆதார் எண்ணைப் பதிந்து விரல் வைத்த பிறகு அந்தக் கருவியே பட்டியல் அச்சிட்டுத் தருகிறது. அதைக் கிழித்து எறிந்துவிட்டு வராதீர்கள்.

"பட்டியல் போட்டால் வரி சேரும், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று சிலர் சொல்வதுண்டு. இது சரியல்ல. பையிலும் டப்பாவிலும் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் உள்ளிட்டதாகும். அதற்கு மேல் ஒரு பைசாவும் கேட்க இயலாது. யூரியா கேட்டால் கூடவே ஒரு ஊக்கி டப்பாவையும் வாங்கினால்தான் தருவேன் என்று கட்டாயப்படுத்துவதும் கூடாது. இருப்பு, விலை இரண்டையும் எழுதிய பலகை கடையில் தொங்க வேண்டும். உழவன் செயலியிலும் எந்தக் கடையில் எவ்வளவு உரம் இருக்கிறது என்று பார்க்கலாம்.

பட்டியலில் பொருளின் பெயர், தயாரித்தவர் பெயர், குவியல் எண், காலாவதி நாள், அளவு, விலை ஆகியவை இருக்கின்றனவா என்று கடையை விட்டு இறங்குமுன் படித்துப் பாருங்கள். குவியல் எண் இல்லாத பட்டியலால் பாதிப் பயன்தான். பெரிய டப்பாவிலிருந்து சிறு சீசாவில் ஊற்றித் தரும் பூச்சி மருந்தை எக்காரணம் கொண்டும் வாங்க வேண்டாம். அதில் நச்சுத் தன்மையைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், நீல, பச்சை முக்கோணமும் இருக்காது, உள்ளே இருப்பது என்னவென்றும் தெரியாது. வீட்டில் குழந்தைகள் இருப்பதையும் எண்ணிப் பாருங்கள்.

விதையில் இது இன்னும் முக்கியம். மூன்று விவசாயிகள் ஒரே கடையில் ஒரே மக்காச்சோள விதையை வாங்கி ஒரே மழையில் விதைத்தார்கள் என்று வைத்துக் கொள்வோம். மூவர் நிலத்திலும் பாதிதான் முளைத்தது. முதலாமவரிடம் ஒன்றுமில்லை. இரண்டாமவரிடம் பட்டியல் இருக்கிறது, பை அடுப்பெரிக்கப் போய்விட்டது. மூன்றாமவர் பட்டியல், பை, பையில் தைத்த அட்டை, அடியில் மிஞ்சிய ஒரு பிடி விதை ஆகிய நான்கையும் பத்திரமாக வைத்திருக்கிறார். விதை ஆய்வாளர் வந்தால் யார் வீட்டுத் திண்ணையில் உட்காருவார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரருக்கும் இதனால் நன்மைதான். குவியல் எண் கையில் இருந்தால் அவர் கம்பெனியிடம் துணிந்து பேசலாம். இல்லாவிட்டால் அவரும் உங்களைப் போலவே கையைப் பிசைந்து கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சான்று விதைக்கு நீல அட்டை, உண்மைநிலை விதைக்கு இளம்பச்சை அட்டை இருக்கும். முளைப்புத்திறன் நிலக்கடலையில் 70 சதத்திற்கும், வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் 90 சதத்திற்கும் குறையக் கூடாது. சோதனை செய்த நாளிலிருந்து ஒன்பது மாதம் வரையே சான்று செல்லும். வாங்கியவுடன் நூறு விதையை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து, ஒரு வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். விதைக்கு முன்னரே குறை தெரிந்தால் பை பிரித்தபடி கடைக்குப் போய்ப் பேசலாம். விதைத்த பின் போய்ப் பேசுவது வேறு கதை.

பிறகும் தீராவிட்டால் வழி இருக்கிறது. ஆந்திர விவசாயிகள் தொடர்ந்த வழக்குகளில் 2012ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றம், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்றும், அவர் நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்றும் தீர்ப்பளித்தது. 'சோதனைச் சாலைக்கு அனுப்ப விதை மீதம் வைத்திருக்கிறாரா?' என்ற எதிர்த்தரப்பின் வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்கிய விதை முழுவதையும் நிலத்தில் போடுபவர்தானே விவசாயி? ஆயினும் ஒரு பிடியை எடுத்து வைப்பவருக்கு அலைச்சல் குறைவு. பயிர் நிலத்தில் நிற்கும்போதே வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பார்வையிடச் செய்யுங்கள். உழுது போட்ட பின் எழுதிக் கொடுத்தால் பார்க்க ஒன்றும் இருக்காது.

கடன் கணக்கு

கடன் இல்லாமல் விவசாயம் இல்லை. கடைக்காரர் கடன் தருவது அவசரத்திற்குப் பெரிய உதவி என்பதையும் மறுப்பதற்கில்லை. கையெழுத்து கேட்பதில்லை, அடமானம் கேட்பதில்லை, மழை விழுந்த அன்றே விதை கிடைக்கிறது. ஆனால் அதற்கு என்ன விலை தருகிறோம் என்று கணக்குப் போட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ரொக்கத்திற்கு 8,000 ரூபாய் ஆகும் சரக்கைக் கடன் விலையாக 8,800 என்று எழுதி, நான்கு மாதம் கழித்து அறுவடையில் கொடுக்கிறோம். கூடுதல் 800 ரூபாய்தானே என்று தோன்றும். நான்கு மாதத்திற்குப் பத்து சதம் என்றால் ஆண்டுக்கு முப்பது சத வட்டி. அதே 8,000 ரூபாயை 7 சத வட்டியில் வங்கிப் பயிர்க்கடனாகப் பெற்றால் நான்கு மாத வட்டி 190 ரூபாய்க்கும் குறைவு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் தவணை தவறாமல் கட்டுபவருக்கு வட்டியே இல்லை. 1998 முதல் நடைமுறையில் உள்ள உழவர் கடன் அட்டையை இன்னும் எடுக்காதவர்கள் எடுத்துக் கொள்ள வேண்டும். அட்டையில் வரும் பணத்தைக் கையில் வைத்துக் கொண்டு கடைக்குப் போனால், ரொக்க விலை என்ன என்று நிமிர்ந்து நின்று கேட்கலாம்.

இதிலும் மோசமான கட்டு ஒன்று உண்டு. உரம் கொடுத்தவரே மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் எடுத்துக் கொள்வேன் என்று பேசுவது. வட்டி வாங்கவில்லை என்பார். முப்பது குவிண்டாலில் குவிண்டாலுக்கு நூறு ரூபாய் குறைத்தால் 3,000 ரூபாய் போயிற்று, எடையில் போவது தனி. வாங்கும் கணக்கையும் விற்கும் கணக்கையும் ஒரே நோட்டில் எழுத விடாதீர்கள். விளைச்சலை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எடை போட்டு விற்று, அந்தப் பணத்தில் கடை பாக்கியைத் தீருங்கள். விலை இறங்கியிருந்தால் அங்கேயே இருப்பு வைத்து அதன் பேரில் பொருளீட்டுக் கடனும் பெறலாம்.

அப்படியும் கடைக் கடன் தவிர்க்க முடியாதவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கடைக்காரர் எழுதும்போதெல்லாம் நீங்களும் எழுதி அவரிடம் ஒரு சுழி போட்டு வாங்குங்கள். தேதி, பொருள், ரொக்க விலை, கடன் விலை, கொடுத்த பணம் ஆகியவை போதும். மாதம் ஒருமுறை இரண்டு நோட்டையும் ஒத்துப் பாருங்கள். சொன்ன தேதியில் கொடுக்க முடியாவிட்டால் தேதிக்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். பாக்கி வைத்துவிட்டுக் கடை இருக்கும் தெருவைச் சுற்றிப் போகும் விவசாயியால்தான் அடுத்தவருக்கும் கடன் விலை ஏறுகிறது. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம், ஆனால் உண்மை.

மருந்து கேட்கும் முறை

2018ஆம் ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட படைப்புழு, அதே ஆண்டுப் பருவத்தில் பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளத்தைச் சூறையாடியது. புதுப் புழு, யாருக்கும் பழக்கமில்லை. கடையில் எது கொடுத்தார்களோ அதை அடித்தார்கள், இரண்டு மூன்றைக் கலந்தும் அடித்தார்கள். புழு குருத்துக்குள் இருக்க, மருந்து இலை மேல் விழுந்தது.

இப்போது நமக்குத் தெரியும். தலையில் தலைகீழான 'ஒய்' போன்ற கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அது படைப்புழு. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இட வேண்டும். முளைத்த இரண்டாம் வாரத்திலிருந்தே குருத்தைப் பார்த்து முட்டைக் குவியலை நசுக்க வேண்டும். மிஞ்சினால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி லிட்டருக்கு 0.4 கிராம் வீதம் குருத்துக்குள் விழுமாறு தெளிக்க வேண்டும். ஆகவே கடையில் "புழுவுக்கு மருந்து" என்று கேட்காமல், மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டு போய்க் கேளுங்கள். எழுதித் தர சோழமாதேவி வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. உங்கள் ஊர் வேளாண்மை விரிவாக்க மையம் இருக்கிறது. 1800 180 1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் இல்லை. முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் அடுத்த பேருந்துத் தூரம்தான்.

சீட்டுடன் வரும் விவசாயியிடம் கடைக்காரர் வேறொன்றை நீட்டுவது குறைவு. நீட்டினால் ஏன் என்று கேளுங்கள். சில சமயம் நல்ல காரணமும் இருக்கும். நீங்கள் எழுதிய மருந்து இருப்பில் இல்லாமல், அதே மூலப்பொருள் வேறு பெயரில் இருக்கலாம். டப்பாவில் மூலப்பொருளின் பெயரையும் சதவீதத்தையும் சரிபார்த்து வாங்கிக் கொள்ளலாம்.

இனி ஒரு சிறு யோசனை. புரட்டாசியில் கூட்டம் நெருக்கும்போது போய் நிற்பதைவிட, ஆவணிக் கடைசியில் ஒரு மாலை நேரம் போய், உங்கள் தெருவில் பத்துப் பேருக்கு எத்தனை பை விதை, எத்தனை மூட்டை உரம் வேண்டும் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, என்ன விலைக்குத் தருவார் என்று கேளுங்கள். பத்துப் பேர் ரொக்கமாக வாங்குவதாகச் சொன்னால் கடைக்காரர் உட்காரச் சொல்லி டீ வாங்கித் தந்து பேசுவார். பக்கத்துக் கடையிலும் அதே தாளைக் காட்டி விசாரித்துக் கொண்டு, மறுநாள் வந்து சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடலாம்.